எத்தனை நிமிடம் என்று கேட்டவர்

போன வாரம் இளம் பிசியோதெரபிஸ்டுகளான உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். "மேடம், பேஷன்ட் வீட்டுக்கு ரெட் லைட் பேனல் வாங்கிட்டாங்க. எத்தனை நிமிஷம் சொல்லட்டும்?" அவ்வளவுதான் செய்தி. யாருக்கு, எந்த இடத்தில் வலி, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பேனல் எந்த ரகம், ஒன்றும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரிடையர் ஆகியும் ஒனக்கு உக்காரத் தெரியலையே" என்றார். தெரியவில்லைதான். பிசியோதெரபி பிரிவில் இத்தனை வருடம் நின்றே பழகிய கால்கள். ஆனால் அன்று நடந்தது அந்தப் பழக்கத்தால் அல்ல. "எத்தனை நிமிஷம்?" என்று யாராவது ஒற்றை வரியில் கேட்டால் எனக்கு இன்னமும் பகீர் என்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கேள்வி அனுப்பியவருக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

இந்தச் சிவப்பு வெளிச்சப் பேனல் இப்போது மிக்சி, கிரைண்டர் மாதிரி ஆகிவிட்டது. ஆர்டர் போட்டால் கீரனூருக்கும் வருகிறது, திருமயத்துக்கும் வருகிறது. மூட்டுவலி, தோள்வலி, முகச் சுருக்கம், முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. பெட்டி மேல் ஒரு நிமிடக் கணக்கு அச்சடித்திருப்பார்கள். அது யாருடைய உடம்பை வைத்துப் போட்ட கணக்கு என்று மட்டும் இருக்காது. நம்மூர்க் கறுத்த தோல் அந்த வெளிச்சத்தைக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கும். பக்கத்தில் வைத்தால் ஒரு கணக்கு, தள்ளி வைத்தால் வேறு கணக்கு. குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் செய்த வேலையும் கெடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடச் சுவரெல்லாம் எழுதிவைத்த ஊரில்தான், பத்து நிமிடத்துக்கே இதமாக இருந்தால் ஒரு மணி நேரம் வைத்தால் வலியே ஓடிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவது உங்களுக்கும் பழகிப்போயிருக்கும்.

செல்லத்துரை அப்படிப்பட்டவர் இல்லை. அதுதான் கதையே.

விராலிமலையில் நெடுஞ்சாலை ஓரம் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவர். வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல், நான் ஓய்வு பெற்ற பிறகு புதுக்கோட்டையில் என் வீட்டுக்குத் தேடி வந்தார். கூடவே ஒரு பேனலையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அவருடைய ஒரே மகள் ரேவதியைக் கட்டிய மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. "மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்திருக்காரு மேடம். தப்பா வச்சுக் கெடுத்துப்புடக் கூடாது. நீங்க அளவு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பயிற்சிகளைச் சொன்னேன், வெளிச்சத்துக்கும் அளவு சொன்னேன். மிகக் குறைவாகத் தொடங்கி, மறுநாள் தோலைப் பார்த்து, சிவப்போ எரிச்சலோ இல்லை என்றால் கொஞ்சம் கூட்டி, அவருடைய பேனலுக்கும் அவருடைய தோளுக்கும் ஒரு சாண் தூரத்தில் எட்டு நிமிடம் என்று வந்து நின்றோம். கண்ணை மறைக்க வேண்டும் என்று மிரட்டியே வைத்திருந்தேன்.

மனிதர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். டயரில் ஓட்டையைக் குறிக்கும் சாக்பீஸால் வீட்டுத் தரையில் நாற்காலிக்கு ஒரு கோடு, பேனலுக்கு ஒரு கோடு போட்டுவிட்டார். சமையல்கட்டு டைமர் ஒன்றை வாங்கி வைத்தார். "காத்து மாதிரித்தான் மேடம் இது. கொறஞ்சாலும் வண்டி ஓடாது, கூடுனாலும் வெடிச்சிரும். வண்டிக்கு வண்டி பிரஷர் வேற" என்று எனக்கே பாடம் எடுத்தார். கொஞ்ச நாளில் கையைத் தூக்கிச் சட்டையைக் கொடியில் போடும் அளவுக்கு வந்துவிட்டார். எனக்கு ஏக சந்தோஷம். இப்படி ஒரு நோயாளி அமைந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர், சொல்லாத இடத்துக்கும் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போவார். கணக்கு அவருக்குக் கைவந்துவிட்டது இல்லையா?

அன்று காலை நான் திருச்சிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கீரனூர் வரப்போகிற நேரம். நல்ல கூட்டம். டிரைவர் தலைக்கு மேல் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. செல்லத்துரை.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். எனக்கு எட்டு நிமிஷம்னு சொன்னீங்கல்ல. அதுல பாதி வச்சா நாலு. பாதிக்குப் பாதி வச்சா ரெண்டு. எது சரியா வரும்?"

"ஏண்ணே, தோள்ல எரிச்சல் ஏதும் இருக்கா?"

"எனக்கு இல்லைங்க மேடம். நம்ம ரேவதி புள்ளைக்கு."

ரேவதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஆண் பிள்ளை பிறந்த செய்தியை அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். கணக்குப் பார்த்தால் பிள்ளைக்கு ஆறு நாள்.

"புள்ளைக்கு எதுக்குண்ணே?"

"லேசா மஞ்சள் பூத்திருக்கு மேடம். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் புள்ளையை இதுக்குத்தான் லைட்ல வச்சிருந்தாங்க. லைட்டுதான் நம்ம வீட்லயே இருக்கே, பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையணும்னு நேத்திலேர்ந்து வைக்கிறேன். பயப்படாதீங்க. கண்ணுக்கு வெள்ளத் துணி கட்டியிருக்கேன். ரெண்டு முழம் தள்ளித்தான் வச்சிருக்கேன். தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிறேன், சூடு ஏறல."

கேட்ட கேள்வி என்னவோ அளவைப் பற்றியதுதான். நான்கா, இரண்டா? நான் நாற்பது என்று சொன்னாலும் ஒன்றுதான், ஒன்றுமே சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிறந்த குழந்தையின் மஞ்சளை இறக்குவது நீல வெளிச்சம். சிவப்புக்கு அந்த வேலையே கிடையாது. அந்த மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் மூளை வரைக்கும் போகும், காதைக் கெடுக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் என்றால் வெளிச்சம்.

"ஆஸ்பத்திரியில திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லலையா?"

"சொன்னாங்க. அன்னைக்கி அமாவாசையாப் போச்சு. சரி மறுநா போகலாம்னா…" என்று இழுத்தார். பிறகு குரல் தணிந்தது. "நாளைக்கழிச்சுச் சம்பந்தி வீட்லேர்ந்து புள்ளையப் பாக்க வாராங்க மேடம். வரும்போது புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குதுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? நம்மள நம்பித்தானே அனுப்பிச்சாங்க. அதுக்குள்ள சரி பண்ணிரலாம்னுதான். இப்பவே நல்லாக் கொறஞ்சிருச்சு. நீங்களே பாருங்களேன்."

வீடியோவைப் போட்டுவிட்டார்.

அறை முழுக்கச் சிவப்பு. ஜன்னல், கதவு எல்லாம் அடைத்திருந்தது. பச்சை உடம்புக்காரி இருக்கிற அறையில் காற்றுப் புகக் கூடாதாம். பாயில் குழந்தை கண்ணில் துணியோடு தூங்கியது. கன்னம் இப்போதுதான் குளிப்பாட்டி எடுத்த பிள்ளைபோல வெளுப்பாக, மினுமினுவென்று. மஞ்சள் மருந்துக்கும் இல்லை. ஒரு நொடி எனக்கும் போன மூச்சு திரும்பி வந்தது. பரவாயில்லை, பயந்த அளவுக்கு இல்லை என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி நானும் ஏமாந்தேன்.

அந்த நேரம் ரேவதி குழந்தையின் துணியைச் சரிசெய்யக் குனிந்தாள். அவள் கழுத்திலிருந்து தாலிக் கயிறு வெளியே வந்து தொங்கியது. குழந்தையின் கண்ணில் கட்டிய துணியைப் போலவே வெள்ளையாகத் தொங்கியது.

கல்யாணம் ஆகி ஒரு வருடம்தான் ஆன பெண். மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். அவள் கழுத்தில் வெள்ளைக் கயிறா? சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒரே நிறம். அந்தப் பேனல் மஞ்சளைக் குறைக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு தடவையும் அந்த வெளிச்சத்திலேயே பார்த்து, குறைகிறது குறைகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"லைட்ட அணைங்கண்ணே."

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு மேடம்."

"அணைங்க" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார். கண்டக்டர், "என்னம்மா ஆச்சு?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் நிறுத்தினார். அந்த மனிதருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

"ரேவதி, போனை வாங்கும்மா. புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக் கதவைத் திற. வெயில் வெளிச்சத்துல பாக்கணும்."

"காத்து அடிக்கும்த்தா" என்று உள்ளேயிருந்து அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது. ரேவதி தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது.

"நெத்தியில வெரல வச்சு லேசா அழுத்தி எடு. அமுங்குன எடம் என்ன நெறமா இருக்கு?"

"மஞ்சளா இருக்கு மேடம்."

"நெஞ்சுல?"

"மஞ்சள்தான்."

"உள்ளங்கால்ல?"

பஸ் கீரனூரில் நின்று ஆட்கள் இறங்கினார்கள். "அங்கிட்டும்தான் மேடம்" என்றாள்.

"பால் குடிச்சானா?"

"காலையிலேர்ந்து வாயே வைக்கல. தூங்கிக்கிட்டே இருக்கான். உள்ளங்காலத் தட்டுனாலும் முழிக்கல." பின்னாலிருந்து செல்லத்துரை, "வெளிச்சம் இதமா இருக்குன்னு தூங்குறான்னு நெனச்சேன்" என்றார்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். அதற்குச் செல்லத்துரை சொன்னார்: "மாப்பிள்ளை வேலையில இருப்பாரு மேடம், சாயங்காலந்தான் போன எடுப்பாரு. அவரு புள்ளை. அவர ஒரு வார்த்த கேக்காம நாம எப்பிடி…"

இளையவர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "என்ன காரியம் பண்ணிவச்சிருக்கீங்க, யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க" என்று கேட்க வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் என்ன ஆகும்? அவர் தன்னை நியாயப்படுத்த ஆரம்பித்திருப்பார். அமாவாசை, அலைச்சல், கண்ணுக்குத் துணி கட்டியது, தூரம் தள்ளி வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார். அத்தனையும் உண்மைதான், அத்தனைக்கும் நேரம் ஆகும். ஏற்கெனவே குற்றவாளியாக நிற்கப் பயந்துதான் அந்த மனிதர் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருந்தார். மேலும் பயமுறுத்தினால் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவார். ஆத்திரத்தை விழுங்கினேன். நல்ல கசப்பு.

"அண்ணே, கவனமாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா லைட்டு இது இல்ல. இதுக்கு நீல லைட்டு. அதுக்கும் அளவு இருக்கு. ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் அந்த அளவப் போடுவாங்க. வீட்ல வச்சு ஒங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. நான் புள்ளைங்க டாக்டர் இல்ல. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. புள்ளை பொறந்து ஆறு நாள், பால் குடிக்கல, எழுப்புனா எந்திரிக்கல, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். இத மட்டும் சொல்லுங்க."

"சம்பந்தி வீட்ல கேட்டா…"

"அப்பா" என்று ரேவதி குறுக்கே வந்தாள். "அவுங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க போனப் போடுங்க. இல்லைன்னா நான் நடந்து ரோட்டுக்குப் போறேன்." அப்பாவிடம் அதற்கு முன்னால் அவள் அப்படிப் பேசியிருக்கவே மாட்டாள் என்று நினைக்கிறேன்.

நெடுஞ்சாலை ஊர் என்பதால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது. திருச்சியில் அவர்களை ஏற்றிப்போன ஆஸ்பத்திரிக்கு நானும் போய்ச் சேர்ந்தேன். எந்த வேலைக்காகத் திருச்சிக்குக் கிளம்பினேன் என்பதே மறந்துபோய்விட்டது. ரத்தம் பார்த்தார்கள். அளவு மிக அதிகம். இரண்டு பக்கமும் நீல விளக்கு வைத்து, சாயங்காலத்துக்குள் இறங்கவில்லை என்றால் குழந்தையின் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்று அந்த வராண்டாவில் நான் நடந்த நடையில் திருச்சியிலிருந்து விராலிமலைக்கே போயிருக்கலாம். செல்லத்துரை சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒருமுறை தலையைத் தூக்கி, "அந்தக் கயிறு ஒங்க கண்ணுல படலைன்னா மேடம்…" என்றார். அதே எண்ணம்தான் என்னையும் உட்காரவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அளவு இறங்கத் தொடங்கியது. ரத்தம் மாற்றவில்லை. மறுநாள் குழந்தை கண் விழித்துப் பால் குடித்தான். ஆனால் டாக்டர் ஒன்றைச் சொல்லிவைத்தார். இவ்வளவு ஏறியிருந்ததால் காது பாதித்திருக்கலாம், இப்போது எதுவும் சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்துக் கூட்டிவந்து காதைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். சம்பந்தி வீட்டிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் செல்லத்துரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பின்னால் அவர் என்னிடம் சொன்னார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். யாராவது எத்தனை நிமிடம் என்று கேட்டால், முதலில் யாருக்கு என்று கேளுங்கள். அப்புறம் எதற்கு என்று கேளுங்கள். அளவு சொல்லும்போதே, இது இந்த உடம்பில் இந்த இடத்துக்கு மட்டும், வீட்டில் வேறு ஒருத்தருக்கும் கிடையாது என்று சொல்லுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, என்னவென்று தெரியாத கட்டி, மரத்துப்போன கால் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். கேட்கிறவர் சிரித்தாலும் பரவாயில்லை. தோலைப் பார்ப்பதாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். நமக்கு ரொம்பத் தெரிந்த விஷயம் என்பதாலேயே இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இன்னொன்று. கோபம் நியாயமாக இருந்தாலும் ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். என் கோபம் அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் தலையில் இறங்கியது. அவர் பாவம்.

பிள்ளைக்குப் பேர் வைக்கிற சடங்கை அவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் வெற்றிலையைச் சுருட்டிக் குழந்தையின் காதோரம் வைத்து மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். முதலில் சொல்கிற உரிமை அப்பா வீட்டாருக்கு. நாள் பார்த்துவிட்டுக் கேட்டபோதெல்லாம் ரேவதிதான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். "கேக்குதா கேக்கலையான்னு தெரியாம காதுல என்னத்தச் சொல்றது" என்றாளாம். அதற்கு மேல் யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

காதுப் பரிசோதனை அன்று நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, போய்விட்டேன். குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர்களை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் சம்பந்தியம்மாள் மடியில் வெற்றிலைப் பையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லத்துரை பெஞ்சில் உட்காராமல் படிக்கட்டு ஓரமாக நின்றார்.

கதவு திறந்தது. ரேவதி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாப்பிள்ளையோடு வந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போய் நின்றாள். "ரெண்டு காதும் கேக்குதாம்ப்பா."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியம்மாள் எழுந்தார். பையைத் திறந்து நல்ல வெற்றிலையாக ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துச் சுருட்டினார். மகனிடம் கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நேராகப் படிக்கட்டுக்குப் போய்ச் செல்லத்துரையிடம் நீட்டினார். "நீங்க மொதல்ல சொல்லுங்கண்ணே" என்றார். மூன்று மாதமாக அவரிடம் பேசாதவர்.

செல்லத்துரை வெற்றிலையை வாங்கிப் பேரன் காதோரம் வைத்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் அசைந்தது, அப்போதும் வரவில்லை.

"அதான் கேக்குதுன்னுட்டாங்கல்ல" என்றார் அந்த அம்மாள். "புள்ளைக்குக் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."